செத்து வழி சொல்லும் பொட்டலங்கள்

வாசலில் செருப்பைக் கழற்றக் குனிந்தேன். “வேணாண்ணா, போட்டுக்கினே வாங்க!” என்று உள்ளேயிருந்து ஒரு கூச்சல்.

கோயிலானாலும் வீடானாலும் வாசலிலேயே செருப்பை விட்டுப் பழகிய கால்கள் திகைத்து நின்றன. காரணம் தரையில் கிடந்தது. வெட்டி எறிந்த கண்ணாடி இழைத் துணுக்குகள்! தலைமுடியளவு மெல்லிசு. கண்ணுக்குத் தெரியாது, காலில் ஏறினால் மட்டும் தெரியுமாம்.

செருப்போடு நுழையச் சொல்லும் அந்தக் கருவறை, பாலசமுத்திரத்தில் ஒரு செல்போன் கடையின் மாடி. சித்தூர் மாவட்டத்தில், தமிழ்நாட்டு எல்லையை உரசிக்கொண்டிருக்கும் ஊர் இது. இந்தப் பக்கம் கார்வேட்டிநகரம், அந்தப் பக்கம் பள்ளிப்பட்டு. டீக்கடையில் தெலுங்கில் ஆரம்பிக்கும் வாக்கியம் தமிழில் முடியும். இங்கே சில தெருக்களுக்கு இன்டர்நெட் இந்த மாடியிலிருந்துதான் இறங்குகிறது. ஏ.சி. ஜிலீரென்று அடிக்கிறது. இரண்டு இரும்பு ராக் முழுக்கப் பச்சை விளக்குகள் கண்ணடிக்கின்றன. ராக்கின் நெற்றியில் ஆயுத பூஜைக்கு வைத்த சந்தனம் காய்ந்திருக்கிறது. மேலே ஏழுமலையான் படம். கீழே இன்வெர்ட்டர் பேட்டரி. நடுவில், சுழல் நாற்காலியில், ஒரு காதில் போனும் இரண்டு கையில் கீபோர்டுமாக ஒரு தம்பி. “ஏமண்டி, ரெட் லைட்டா? உண்டண்டி, சூஸ்தானு…” என்று ஒரு போனை வைத்துவிட்டு, அடுத்ததில் “இன்னாக்கா, டிவியும் வர்லியா?” என்று தாவினார்.

நான் வந்தது சண்டை போட. எடுத்தவுடனே அதையும் சொல்லிவிடுகிறேன்.

என் சித்தி இதே ஊர். சித்தியின் மகள் சிங்கப்பூரில். பேரனுக்கு ஆறு மாதம். தினமும் சாயங்காலம் ஆறு மணிக்கு, அங்கே எட்டரைக்கு, வீடியோ கால். பத்து நாளாக ஒரு சோதனை. சில நாள் நன்றாக வருகிறது. சில நாள், பையன் பொக்கை வாயைத் திறந்து சிரிக்கப் போகும் அந்த நொடியில் படம் உறைந்துவிடுகிறது! பாதிச் சிரிப்போடு பேரன் சிலையாக நிற்க, சித்தி போனைத் தட்டித் தட்டிப் பார்க்கிறார். நாலு தடவை ஆபீசுக்குப் போன் செய்தாயிற்று. “மோடத்தை ஆஃப் பண்ணி ஆன் பண்ணுங்கக்கா” என்பதே நாலு தடவையும் பதில்.

கிளம்பும்போது சித்தி வழியனுப்பியபடியே சொன்னார்: “அவங்ககிட்ட ரெண்டு விஷயம் சொல்லு. அவளுக்கு என் மூஞ்சி நல்லாத்தான் தெரியுதாம், எனக்குத்தான் புள்ள நிக்குது. அப்புறம், கட் பண்ணிட்டு மறுபடி கூப்பிட்டா பல தடவ சரியாயிடுது.”

நான் தலையாட்டினேன். சொல்லவில்லை. இவ்வளவு பெரிய தொழில்நுட்பத்தின் முன்னால் போய்ச் சித்தியின் சமையற்கட்டு ஆராய்ச்சியைச் சொல்வதாவது? இந்த வரியை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள். கடைசியில் நான் வெட்கப்படப்போகிறேன்.

“நீங்களே உக்காந்து பாருங்கண்ணா,” என்றார் தம்பி, இன்னொரு நாற்காலியைக் காலால் தள்ளி. சண்டை அங்கேயே கரைந்தது. திரைக்குப் பின்னால் கூப்பிடுகிறார்கள், யார் விடுவார்கள்!

மைனஸ் 21

“மொதல்ல லைட்டு.”

ஏணிக்குப் பொறுப்பான லைன் அண்ணன் சித்தி வீட்டுக்கு ஏற்கெனவே போய், பவர் மீட்டரில் இழையைச் செருகிப் படித்துச் சொல்லியிருந்தார். மைனஸ் 21. “சூப்பர் லைட்டுண்ணா. மைனஸ் 27-ஐத் தாண்டினாத்தான் தகராறு.” வீட்டுக்கு வந்து சேரும் ஒளி எவ்வளவு மங்கியிருக்கிறது என்பதன் கணக்கு அது. சுத்தமாக ஒளி வராவிட்டால் வீட்டுப் பெட்டியில் சிவப்பு விளக்கு எரியும். ஊரில் எல்லோருக்கும் தெரிந்த ஒரே நெட்வொர்க் பாஷை, “ரெட் லைட்”.

இழை அறுந்தால்? லைன் அண்ணன் பையிலிருந்து ஒரு பெட்டியைக் குழந்தையைத் தூக்குவதுபோல எடுத்தார். ஓ.டி.டி.ஆர். கிணற்றில் குரல் கொடுத்து எதிரொலியை வைத்து ஆழம் பார்ப்போமே, அதையே ஒளியில் செய்யும் கருவி. ஒரு துடிப்பு ஒளியை இழைக்குள் அனுப்பும். கண்ணாடியில் ஒளி நொடிக்குச் சுமார் 2 லட்சம் கி.மீ. ஓடும். போகிற வழியெல்லாம் துளித் துளியாகச் சிதறித் திரும்பும். 1 கி.மீ. தூரத்துச் சேதி 10 மைக்ரோசெகண்டில் வந்துவிடும். திரையில் சரிவாக இறங்கும் கோடு சட்டென்று அதலபாதாளத்தில் விழுந்தால் அந்த மீட்டரில் இழை அறுந்திருக்கிறது. இந்தப் பக்கங்களில் அறுப்பவர் யார்? கரும்பு லாரி. மாங்காய் சீசன் என்றால் மாங்காய் லோடு.

சும்மா இல்லை, இந்த மாநிலத்தில் கேபிள் தலைக்கு மேலேதான் போகிறது. ஆந்திர அரசின் ஃபைபர்நெட் திட்டம், பள்ளம் தோண்டிக்கொண்டிருக்க நேரமில்லை என்று மின்கம்பங்களிலேயே சுமார் 24,000 கி.மீ. இழையைக் கட்டித் தொங்கவிட்டது. 2017 டிசம்பர் 27 அன்று அப்போதைய குடியரசுத் தலைவர் ராம்நாத் கோவிந்த் தொடங்கிவைத்தார். தொடங்கியபோது மாதம் 149 ரூபாய்க்கு டிவி, போன், இன்டர்நெட் மூன்றும் கொடுத்தார்கள். அது அரசு வலை, இந்த மாடி தனியார் கடை. ஆனால் கம்பத்தைப் பார்த்து அண்ணாந்து நடக்கும் பழக்கம் எல்லா லைன்மேனுக்கும் பொதுவாகிவிட்டது.

சித்தியின் ஒளி நலம். அப்படியென்றால் சிக்கல் மேலே எங்கோ!

பிங்… பிங்… பிங்…

தம்பி கறுப்புத் திரையில் நாலெழுத்து தட்டினார். வரி வரியாகப் பதில் ஓடியது. சிங்கப்பூரில் ஒரு கம்ப்யூட்டரை “இருக்கியா?” என்று கேட்க, “இருக்கேன்” என்கிறது. போய்வந்த நேரம் 60 மில்லிசெகண்ட்.

இந்தக் கேள்வியைக் கேட்கும் நிரலை எழுதியவர் மைக் மூஸ். அமெரிக்க ராணுவத்தின் ஒரு பீரங்கி ஆராய்ச்சிக் கூடத்தில் வேலை. 1983 டிசம்பரில் நெட்வொர்க் ஒன்று மக்கர் பண்ண, ஒரே சாயங்காலத்தில் உட்கார்ந்து எழுதிவிட்டார். நீர்மூழ்கிக் கப்பலை ஒலியனுப்பித் தேடும்போது கேட்கும் ஓசைதான் பெயர்: பிங். சுமார் ஆயிரம் வரி நிரல். இன்றைக்கு உலகத்தில் அது இல்லாத கம்ப்யூட்டர் அபூர்வம்.

மூஸ் சொல்லிச் சிரித்த கதை ஒன்று உண்டு. ஒரு நெட்வொர்க்காரருக்குக் கட்டடத்தில் எங்கோ ஒரு கேபிள் முனை விட்டு விட்டு வேலை செய்தது. மனுஷன் பிங்கைப் பேசும் இயந்திரத்தோடு இணைத்து, அதை ஸ்டீரியோ பெட்டியில் கோத்து, சத்தத்தை உச்சத்தில் வைத்தார். பதில் வரும்போதெல்லாம் கட்டடமே “பிங்! பிங்!” என்று அலற, இவர் அறை அறையாகப் போய் ஒவ்வொரு முனையையும் ஆட்டிப் பார்த்தார். ஓரிடத்தில் ஆட்டியதும் சத்தம் நின்றது. பிடிபட்டது முனை! ஜாத்திரைக்கு மைக் செட் கட்டும் ஊரில் இந்தக் கதையைச் சொன்னதும் லைன் அண்ணனின் கண்ணில் ஒரு மின்னல். எனக்குப் பயமாக இருக்கிறது.

ஆனால் தம்பி திரையை முறைத்துக்கொண்டிருந்தார். “60 ஜாஸ்திண்ணா.”

எப்படித் தெரியும்? கண்ணாடியில் 100 கி.மீ. போய்வர 1 மில்லிசெகண்ட். இதுதான் இந்தத் தொழிலின் பெருக்கல் வாய்ப்பாடு. சென்னையிலிருந்து சிங்கப்பூருக்குக் கடலடியில் போகும் கேபிள்களில் ஒன்றான ஐ2ஐ, 2002-இல் போட்டது, சுமார் 3,200 கி.மீ. போய்வர 32. இங்கிருந்து சென்னைக்கு இரண்டு மூன்று. வழியில் தாமதம் கொஞ்சம் சேர்த்தாலும் 40. “பாக்கி 20 எங்க போச்சு?” மளிகைக் கடையில் சில்லறை குறைந்தால் கேட்கும் அதே குரல்!

ஒரு ஸ்டேஜ் டிக்கெட்

இப்போது வருகிறது நான் பார்க்க ஏங்கிய வித்தை. வழியைக் காட்டும் கருவி, டிரேஸ்ரூட்.

இணையத்தில் போகும் ஒவ்வொரு தகவலும் சின்னச் சின்னப் பொட்டலமாகத்தான் போகும். ஒவ்வொரு பொட்டலத்தின் மேலேயும் ஓர் ஆயுள் எண் எழுதியிருக்கும். அதிகபட்சம் 255. 1981-இல் எழுதிய விதி இது. வழியில் ஒவ்வொரு ரவுட்டரும் அதில் ஒன்றைக் கழிக்கும். பூஜ்யமானால் பொட்டலம் அங்கேயே செத்தது. வழி தவறிய பொட்டலங்கள் காலத்துக்கும் சுற்றிக்கொண்டே இருக்கக்கூடாது என்பதற்காக வைத்த ஏற்பாடு. கொன்ற ரவுட்டர், அனுப்பியவருக்கு ஒரு சாவுச் சேதி போட வேண்டும். அந்தக் கடிதத்தில் ரவுட்டரின் சொந்த விலாசம் இருக்கும்!

புரிகிறதா திருட்டு வேலை? பஸ்ஸில் ஒரு ஆளுக்கு ஒரு ஸ்டேஜ் டிக்கெட் வாங்கி ஏற்றிவிடுங்கள். முதல் ஸ்டாப்பில் இறக்கிவிட்டு, “உங்க ஆளை இங்கே இறக்கிட்டோம்” என்று அங்கிருந்து கார்டு வரும். அடுத்த ஆளுக்கு இரண்டு ஸ்டேஜ். அவருக்கு அடுத்தவருக்கு மூன்று. திருத்தணி, திருவள்ளூர், ஆவடி என்று வரிசையாகக் கார்டுகள் வந்து விழ, பஸ் எந்த ரோட்டில் போகிறது என்று வீட்டிலிருந்தே கண்டுபிடித்துவிடலாம். ஆளை அனுப்பிச் சாகடித்து வழி கேட்கும் தந்திரம்!

யோசனை சொன்னவர் ஸ்டீவ் டீரிங். செய்தவர் கலிபோர்னியாவின் வான் ஜேக்கப்சன். அவருக்கு ஏற்கெனவே ஒரு வழக்கு அனுபவம் இருந்தது. 1986 அக்டோபரில் அவருடைய பெர்க்லி ஆய்வுக்கூடத்துக்கும் பக்கத்துப் பல்கலைக்கழகத்துக்கும் இடையே, வெறும் 400 கஜ தூரத்தில், நொடிக்கு 32,000 பிட் ஓட வேண்டிய இணைப்பு 40 பிட்டுக்குப் படுத்துவிட்டது. அந்த நெரிசலுக்கு அவர் கண்ட மருந்தைத்தான் இணையம் இன்றும் குடித்துக்கொண்டிருக்கிறது. டிரேஸ்ரூட் பிறந்த கதை இன்னும் ருசி. ஒரு வழித் தகராறைத் தேடி 48 மணி நேரம் தூங்காமல் கிடந்தபோது தானாக வந்து விழுந்த நிரல் இது, இதைப் பார்த்து யாரும் எழுதக் கற்றுக்கொள்ளாதீர்கள் என்று நிரலுக்குள்ளேயே குறிப்பு வைத்திருக்கிறார். கையெழுத்தின் கீழே நேரம்: 1988 டிசம்பர் 20, விடியற்காலை 3.50!

தம்பி தட்டினார். வரிகள் இறங்கின. முதல் வரி, நாங்கள் உட்கார்ந்திருக்கும் அறையின் ராக். இரண்டாவது, மாவட்டத்தில் எங்கோ. நான்காவது வரியில் ரவுட்டரின் பெயருக்குள் எம்.ஏ.ஏ. என்று மூன்றெழுத்து. விமான நிலையக் குறியீடு, சென்னை! ஊர்ப் பெயர் சென்னை ஆனாலும் ரவுட்டர்களுக்கு அது இன்னும் பழைய மெட்ராஸ் வாசனைதான். இன்னும் நான்கு வரி தள்ளி எஸ்.ஐ.என். சிங்கப்பூர்! இடையில் ஒரே தாவலில் நேரம் எகிறியிருந்தது. அந்தத் தாவல்தான் வங்காள விரிகுடா. நான் நிஜமாகவே எழுந்து நின்றுவிட்டேன்.

1960 ஏப்ரல் 1 அன்று திருத்தணி மதராஸ் மாநிலத்தோடு சேர்ந்தது. ம.பொ.சி. முன்னின்று நடத்திய வடக்கெல்லைப் போராட்டம், படாஸ்கர் தீர்ப்பு, ஊர் ஊராகப் பிரித்த கோடு என்று எவ்வளவு வரலாறு! அந்தக் கோட்டைப் பொட்டலம் இரண்டாம் மூன்றாம் வரிக்குள் சத்தமில்லாமல் தாண்டிப் போகிறது. அதே சமயம், கூப்பிடு தூரத்துப் பள்ளிப்பட்டில் வேறு கம்பெனி இணைப்பு வைத்திருப்பவருக்கு இங்கிருந்து ஒரு படம் அனுப்பினால், இரண்டு கம்பெனியும் எந்த நகரத்தில் கைகோத்திருக்கின்றனவோ அந்த நகரம்வரை போய்த்தான் திரும்பும். உள்நாட்டுப் போக்குவரத்து வெளிநாட்டைச் சுற்றி வரக்கூடாது என்று 2003-இல் நிக்ஸி என்ற சந்திப்பு அமைப்பையே நாட்டில் தொடங்க வேண்டியிருந்தது.

விளையாட்டுப் பிள்ளைகளும் இதில் புகுந்திருக்கிறார்கள். 2013-இல் ரையன் வெர்பர் என்பவர் தன் ரவுட்டர் பெயர்களை வரிசையாக அமைத்து வைக்க, அந்த விலாசத்துக்கு டிரேஸ்ரூட் போட்டவர்களின் திரையில் ஸ்டார் வார்ஸ் படத்தின் தொடக்க எழுத்தோட்டம் வரி வரியாக ஓடியது! தம்பி பெருமூச்சு விட்டார். “நம்மளும் ஒரு நாள் சுப்ரபாதம் ஓட விடணும்ணா.”

நட்சத்திரம் பார்த்து ஏமாந்தேன்

ஆறாவது வரியில் விலாசம் இல்லை. மூன்று நட்சத்திரம் மட்டும். * * *

“மாட்டிக்கிச்சு!” என்று கத்தினேன். “ஆறாவது ஸ்டாப்தான் திருடன்!”

தம்பி சிரித்த சிரிப்பில் ஏ.சி. தோற்றது. “தினம் பத்துப் பேர் இதை ஸ்கிரீன்ஷாட் எடுத்து அனுப்புறாங்கண்ணா. நட்சத்திரம்னா பதில் வர்லன்னு அர்த்தம். வழி அடைஞ்சிபோச்சுன்னு அர்த்தம் இல்ல. ஏழாவது ஸ்டாப் பேசுது பாருங்க. ஆறைத் தாண்டாம ஏழுக்கு எப்படிப் போவும்?”

ரவுட்டருக்குள் இரண்டு ஆள் என்று வைத்துக்கொள்ளுங்கள். ஒருவர் பொட்டலங்களை அள்ளி அள்ளி அடுத்த பஸ்ஸில் வீசுபவர், மின்னல் வேகம். அதற்கென்றே செய்த சிப். இன்னொருவர் மூலையில் சாவுக் கடிதம் எழுதும் கிளார்க். அவருக்கு வேறு நூறு வேலை. நொடிக்கு இத்தனை கடிதம்தான் எழுதுவேன் என்று கணக்கு வைத்திருப்பார். எழுதவே மாட்டேன் என்பவரும் உண்டு. கிளார்க் தாமதித்தால் பஸ் தாமதம் என்று ஆகுமா?

இந்தக் குழப்பத்தைக் குறைக்கத்தான் 1997-இல் மேட் கிம்பால் எம்.டி.ஆர். என்ற கருவியை எழுதினார். அடுத்த வருஷத்திலிருந்து ரோஜர் வுல்ஃப் வளர்த்தார். பிங்கும் டிரேஸ்ரூட்டும் கல்யாணம் செய்துகொண்டால் பிறக்கும் பிள்ளை. ஒரு தடவை கேட்டு நிறுத்தாமல், எல்லா ஸ்டாப்பையும் விடாமல் கேட்டுக்கொண்டே இருந்து, நூற்றுக்கு எத்தனை தொலைந்தது என்று கணக்குக் காட்டும். அதைப் படிப்பதற்கும் ஒரு வித்தை வேண்டும். நடுவில் ஒரு ஸ்டாப்பில் நஷ்டம் 40 சதவீதம் காட்டி, அடுத்ததில் பூஜ்யமானால், அது கிளார்க்கின் சோம்பல். ஓர் இடத்தில் தொடங்கிய நஷ்டம் கடைசி வரி வரைக்கும் விடாமல் வந்தால்தான் நிஜ நஷ்டம். ரிச்சர்ட் ஸ்டீன்பெர்கன் 2009-இல் வட அமெரிக்க நெட்வொர்க்காரர்களின் கூட்டத்தில் இதற்கென்றே ஒரு பாடம் நடத்தினார். உலகம் முழுக்க இன்னும் அதைத்தான் கற்றுக்கொடுக்கிறார்கள்.

எங்கள் எம்.டி.ஆரில் கடைசி வரியின் நஷ்டம் பூஜ்யம். சுத்தம், சொக்கத்தங்கம்.

மணி எட்டு. திருடன் இல்லை. சித்தியின் பேரன் மட்டும் பாதிச் சிரிப்பில் நிற்கிறான். தம்பி தலையைச் சொறிந்துகொண்டு கேட்டார்: “அக்கா வேற எதனா சொன்னாங்களாண்ணா?”

எச்சில் விழுங்கினேன். சித்தியின் முதல் சேதியைச் சொன்னேன். அவளுக்கு இவங்க மூஞ்சி நல்லாத் தெரியுதாம். இவங்களுக்குத்தான் குழந்தை நிக்குதாம்.

நாற்காலி ஒரு முழுச் சுற்று சுற்றியது. “அண்ணா! இதை மொதல்லியே சொல்லக் கூடாதா!”

போன வழி வேறு, வந்த வழி வேறு

குழந்தையின் படம் எங்கிருந்து எங்கே வருகிறது? சிங்கப்பூரிலிருந்து இங்கே. நாங்கள் ஒன்றரை மணி நேரமாக ஆராய்ந்தது எது? இங்கிருந்து சிங்கப்பூர் போகும் வழியை!

இணையத்தில் போன வழியே திரும்ப வேண்டும் என்று எந்தச் சட்டமும் இல்லை. ஒவ்வொரு கம்பெனியும் தனக்கு லாபமான ரோட்டில் பொட்டலத்தைத் தள்ளிவிடும். டிரேஸ்ரூட்டுக்குத் தெரிவதோ போகிற வழி மட்டும். சாவுக் கடிதங்கள் எந்த ரோட்டில் திரும்பி வந்தன என்று கடிதத்தில் இருக்காது.

இந்தக் குருட்டுப் பக்கத்தைத் திறக்க 2010-இல் வாஷிங்டன் பல்கலைக்கழகத்தில் ஈதன் காட்ஸ்-பாஸெட், ஹர்ஷா மத்யஸ்தா, அரவிந்த் கிருஷ்ணமூர்த்தி உள்ளிட்ட குழு ‘தலைகீழ் டிரேஸ்ரூட்’ ஒன்றைச் செய்தது. பொட்டலத்தின் முதுகில், வழியிலுள்ள ரவுட்டர்கள் தங்கள் விலாசத்தை எழுத ஒன்பது கட்டம் கொண்ட பழைய வசதி ஒன்று உண்டு. இலக்குக்குப் பக்கத்திலுள்ள ஒரு கம்ப்யூட்டரிலிருந்து பொட்டலத்தைக் கிளப்பினால் போகும்போது சில கட்டம்தான் நிரம்பும், மிச்சத்தில் திரும்பும் வழி பதியும். ‘நான் அனுப்பவில்லை, அவர் அனுப்பினார்’ என்று அனுப்புநர் பெயரை மாற்றி எழுதி, பதிலை வேண்டிய இடத்துக்கு வரவழைப்பார்கள். எதிர்முனையில் உதவிக்கு ஆளே தேவையில்லை. துப்பறியும் கதையே தோற்கும்!

ஆள் உதவினால் வேலை சுலபம். ஆம்ஸ்டர்டாமில் இருக்கும் ரைப் என்.சி.சி. 2010-இல் தொடங்கிய ரைப் அட்லஸ் அப்படித்தான். கையடக்கமான பெட்டியைத் தன்னார்வலர்கள் வீட்டு ரவுட்டரில் செருகி வைத்திருக்கிறார்கள். உலகம் முழுக்கப் பத்தாயிரத்துக்கும் மேலே. உங்கள் பெட்டி மற்றவர்களுக்கு உழைத்தால் உங்கள் கணக்கில் புள்ளிகள் ஏறும். அந்தப் புள்ளிகளைச் செலவழித்து அவர்கள் பெட்டிகளிலிருந்து உங்கள் ஊருக்கு வழி பார்த்துக்கொள்ளலாம். மொய் எழுதுவதேதான்! இவர் வீட்டு விசேஷத்துக்கு நான் வைத்தேன், என் வீட்டு விசேஷத்துக்கு அவர் வைக்கிறார்.

எங்களிடம் அட்லஸைவிட நம்பகமான ஆயுதம் இருந்தது. சிங்கப்பூரில் கம்ப்யூட்டர் வேலை பார்க்கும் மாப்பிள்ளை! அங்கே மணி பத்தரை. மாமியார் வீட்டு விஷயம், மறுக்க முடியுமா? பத்து நிமிஷத்தில் அங்கிருந்து போட்ட டிரேஸ்ரூட் வாட்ஸ்அப்பில் வந்தது. மூன்றாவது வரிக்கு மேல் பார்த்ததும் தம்பி மேசையைத் தட்டினார். பி.ஓ.எம். பம்பாய்! குழந்தையின் சிரிப்பு வங்காள விரிகுடா வழியாக நேரே சென்னைக்கு வராமல், இந்தியாவைச் சுற்றி மும்பைக்குப் போய், தரைவழியாகச் சென்னை வந்து, பிறகு பாலசமுத்திரம் ஏறுகிறது.

காணாமல் போன 20 மில்லிசெகண்ட் கிடைத்துவிட்டது!

நஷ்டம் மட்டும் அங்கேயும் பூஜ்யம்.

பாரிஸ் வரைக்கும் போனோம்

எனக்கு வெட்கமில்லை, இரண்டாவது சேதியையும் கொட்டினேன். கட் பண்ணிட்டு மறுபடி கூப்பிட்டா சரியாயிடுதாம்.

தம்பி பேசவில்லை. லைன் அண்ணனைப் பார்த்தார். லைன் அண்ணன் என்னைப் பார்த்தார். பிறகு தம்பி மெதுவாகச் சொன்னார்: “அக்காவை நாளைக்கே வேலைக்குச் சேர்த்துக்கலாம்ணா.”

இரண்டு பெரிய ரவுட்டர்களுக்கு இடையே ஒரே ஒரு கேபிள் இருக்காது. நாலோ எட்டோ தடங்கள் பக்கம் பக்கமாக ஓடும், நெடுஞ்சாலை டோல் கேட் மாதிரி. எந்தப் பொட்டலம் எந்தத் தடத்தில் போவது? அனுப்புநர், பெறுநர், போர்ட் எனப்படும் கதவெண் இதையெல்லாம் ஒரு கணக்கில் போட்டு ரவுட்டர் முடிவு செய்யும். ஒரு அழைப்பின் பொட்டலங்கள் முன்பின்னாகக் கலையாமலிருக்க, அவை எல்லாம் ஒரே தடத்தில்தான் போகும். எட்டில் ஒரு தடம் மட்டும் பழுதானால்? அந்தத் தடம் விழுந்த அழைப்பு நாசம், மற்றவை ஜம்மென்று ஓடும். போனை வைத்துவிட்டு மறுபடி கூப்பிட்டால் கதவெண் மாறும். கதவெண் மாறினால் தடம் மாறும். பேரன் சிரிப்பான்!

‘வெச்சிட்டு மறுபடி கூப்பிடு’ என்று நம் வீடுகளில் எத்தனை பாட்டிகள் சொல்லியிருப்பார்கள்? அது மூடநம்பிக்கை இல்லை, பச்சை விஞ்ஞானம்!

இந்தத் தடங்கள்தான் வான் ஜேக்கப்சனின் கருவியையும் குழப்பியவை. பழைய டிரேஸ்ரூட் ஒவ்வொரு பொட்டலத்துக்கும் கதவெண்ணை ஒன்று ஒன்றாகக் கூட்டும். 33434-இல் தொடங்கி மேலே மேலே. எந்தச் சாவுக் கடிதம் எந்த ஆளுக்கு என்று அடையாளம் காண அந்த ஏற்பாடு. விளைவு? முதல் ஆள் ஒரு ரோட்டில், இரண்டாம் ஆள் இன்னொரு ரோட்டில். இரண்டையும் ஒட்டித் தைத்து, உலகத்தில் இல்லவே இல்லாத ஒரு ரோட்டைத் திரை வரைந்து காட்டும். சமயத்தில் பொட்டலம் ஒரே இடத்தைச் சுற்றுவதுபோலவும் தெரியும்.

2006-இல் பாரிஸில் பிரிஸ் ஒகுஸ்தானும் கூட்டாளிகளும் இதற்கு வைத்தியம் கண்டார்கள். தடத்தைத் தீர்மானிக்கும் எண்களைத் தொடாதே, அடையாளத்தை வேறு மூலையில் ஒளித்து வை! அனுப்பும் எல்லா ஆட்களும் ஒரே தடத்தில் போவார்கள், வரும் வழி நிஜ வழி. பெயரே பாரிஸ் டிரேஸ்ரூட். வேண்டுமென்றே எண்ணை மாற்றி மாற்றி அனுப்பி, மொத்தம் எத்தனை தடம் உண்டு என்று எண்ணிவிடவும் அவர்கள் வழிமுறை வகுத்தார்கள். ரைப் அட்லஸ் பெட்டிகளுக்குள்ளும் இந்தப் பாரிஸ் முறைதான் ஓடுகிறது.

மாப்பிள்ளை பாவம், கொட்டாவியோடு பதினாறு தடவை ஓட்டினார். ஒவ்வொரு தடவையும் வேறு கதவெண், அந்த ஓட்டம் முடியும்வரை அதே எண். ஒன்று, சுத்தம். இரண்டு, சுத்தம். மூன்று, சுத்தம். லைன் அண்ணன் கிரிக்கெட் ஸ்கோர் மாதிரி சுவரில் சாக்பீஸால் கோடு போட்டுக்கொண்டு வந்தார். ஐந்தாவதில் நஷ்டம்! ஒரு ஸ்டாப்பில் தொடங்கி, கடைசி வரி வரை விடவில்லை. பதின்மூன்றாவதில் மறுபடி, அதே ஸ்டாப்பில்! பதினாறுக்கு இரண்டு. எட்டுத் தடத்தில் ஒன்று என்று வைத்துக்கொண்டால் கணக்கு அச்சாகப் பொருந்துகிறது.

மாடியறையில் மூன்று பேர் கை தட்டினோம். சத்தம் கேட்டுக் கீழ்க் கடைக்காரர் படியேறி வந்து, யார் சிக்சர் அடித்தது என்று கேட்டார்.

சித்தி போட்ட டீ

பதினாறு ஓட்டத்தையும் அடுக்கி, மேலே இணைப்புத் தரும் கம்பெனிக்குத் தம்பி அனுப்பினார். ‘நெட் ஸ்லோ’ என்று எழுதினால் ‘மோடத்தை ஆஃப் பண்ணி ஆன் பண்ணுங்க’ என்பதன் ஆங்கிலப் பதிப்பு வரும். ‘இந்த ஸ்டாப்பை அடுத்து, இந்தக் கதவெண்களில் மட்டும், இந்தத் திசையில் மட்டும் பொட்டலம் தொலைகிறது’ என்று எழுதினால் மறுமுனையில் ஒருவர் நிமிர்ந்து உட்காருவார். உட்கார்ந்தார். மறுநாள் மத்தியானம் பதில் வந்தது. அந்தத் தடத்தைக் கழற்றிவிட்டார்களாம்.

ஆறு மணிக்குச் சித்தி வீட்டில் நாங்கள் மூன்று பேரும் டீ டம்ளரோடு வரிசையாக உட்கார்ந்திருந்தோம். போன் எவர்சில்வர் சொம்பில் சாய்ந்து நின்றது. பையன் எங்களைப் பார்த்தான். முகத்தைச் சுளித்தான். வாயைத் திறந்தான். லைன் அண்ணன் மூச்சைப் பிடித்தார்.

முழுச் சிரிப்பு. சத்தத்தோடு!

தம்பி பாரிஸ், பம்பாய், எட்டுத் தடம் எல்லாவற்றையும் சித்திக்கு விவரித்தார். சித்தி பொறுமையாகக் கேட்டுக்கொண்டார். தம்பியின் டம்ளரை வாங்கி மறுபடி நிரப்பினார்.

“அதான் இவன்கிட்ட ரெண்டும் சொல்லி அனுப்பினேனே,” என்றார். “நாலு தடவ போன் பண்ணப்ப நீங்களும் கேக்கல.”

ஆளுக்கொரு திசையில் பார்த்துக்கொண்டு டீயைக் குடித்தோம்.